நிரம்பிய டேங்க், காலி முள்

கார்களுக்கு வயரிங் செய்வதுதான் அவர் தொழில். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘கரண்ட்டு’. மாமனாரின் பழைய காரை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்ததில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. செத்துப்போன பழைய மீட்டர்களைக் கழற்றிப் புதுசு மாட்டி, வயர்களைச் சடை பின்னுவதுபோலப் பின்னியிருந்தார். சோதித்தபோது டேங்கில் பாதி பெட்ரோல்; முள்ளும் பாதியில் நின்றது. வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனவர், காரின் சாவியைத் திருப்பினார். முள் அடியில் கிடந்தது.

“என்ன மாமா, சொட்டு பெட்ரோல் இல்லாம வச்சிருக்கீங்க?”

“நேத்துதானே மாப்பிள்ளை வழிய வழிய ரொப்பினேன்?”

“முள்ளு பொய் சொல்லாது மாமா. கனவுல ரொப்பியிருப்பீங்க!”

“கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளுதானே!” என்று மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. போன வாரம்தான் அடுப்பை அணைக்க மறந்து பால் பாத்திரத்தைக் கரியாக்கியிருந்தார். மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பழக்கமில்லாத மனுஷன். சாவியை வாங்கி, அப்படியே திருப்பி நீட்டினார்.

“நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை. போடாததப் போட்டேன்னு நினைக்கிறவன் ரோட்டுல வண்டி ஓட்டக் கூடாது.”

பெரியவருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டே பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டினார் கரண்ட்டு.

குழாயை அழுத்தியதும் பெட்ரோல் குபுக்கென்று வழிந்து அவர் பேன்ட்டை நனைத்தது.

“அண்ணே, டேங்க் ஃபுல்லா இருக்கே!” என்றார் பங்க் ஊழியர். “நேத்து ஒரு பெரியவர் இதே வண்டியில வந்தாரு. நான்தான் ரொப்புனேன்.”

கரண்ட்டுக்கு ஷாக் அடித்தது. மேலே புது மீட்டர், டேங்குக்குள் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பழைய மிதவை. ஒன்றுக்கொன்று தலைகீழ்க் கணக்கு. நிரம்பினால் காலி என்று காட்டும், காலியானால் ஃபுல் என்று காட்டும். பாதியில் மட்டும் ஒத்துப்போகும். மீட்டரை மாற்றினால் மிதவையையும் மாற்று என்று பட்டறையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவரே அவர்தான்!

மிதவையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. ஆனால் மாமனார்?

திரும்பி வந்தபோது மாமனார் அடுப்படியில் நின்றிருந்தார். அணைந்த அடுப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டே மகளைக் கேட்டார்: “அணைச்சிட்டேனா, பாரும்மா?”

கரண்ட்டு கூனிக் குறுகிப் போனார்.

“மாமா... முள்ளு தலைகீழாக் காட்டுது. நான் பண்ணின தப்பு.”

“அப்போ நேத்து நான் பங்க்குக்குப் போனேனா?”

“போனீங்க மாமா.”

“ரொப்பினேனா?”

“வழிய வழிய.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கரண்ட்டு தலை நிமிர்ந்திருப்பார். மாமனாரோ சாவியை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“மாப்பிள்ளை நனைஞ்சுட்டாரு பாரு. என் பேன்ட் ஒண்ணு எடுத்துக் குடும்மா.”

அந்தப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடி, “நாளைக்கே மிதவைய மாத்திடறேன் மாமா,” என்றார், தரையைப் பார்த்து.

“மெதுவா மாத்துங்க மாப்பிள்ளை. அதுவரைக்கும் ஞாபகத்த வச்சே ஓட்டிக்கிறேன்.”