இந்தத் தெருவில் முதல் முறையாக

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்களை ஒன்றுகூட்ட சினிமாவால் மட்டுமே முடியும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். புதுப்படம் வெளியாகும் நாளில் மூட்டை தூக்குபவர், சாயாக்கடைச் சேட்டன், மிளகுக் கிடங்கின் கணக்கப்பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார்கள். தமிழ்ப் படம் என்றால் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் முன்னால் நிற்கும். மலையாளப் படம் என்றாலும் நாங்கள்தான் முன்னால் நிற்போம். தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத எண்பதுகளின் தொடக்கம் அது.

அம்மாவின் தம்பியான என் மாமா இந்தப் பைத்தியத்திலேயே தன் பிழைப்பைக் கண்டுபிடித்தவர். ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, தியேட்டருக்காகப் படத்தை அறிவித்துக்கொண்டே போவதுதான் அவருடைய வேலை. பள்ளுருத்தி வரைக்கும் அவர் குரலை அறியாத வீடு கிடையாது. தேர்தல் வந்தால் அதே ஆட்டோ, அதே குரல். காலையில் ஒரு கட்சிக்கு, மாலையில் அதன் எதிர்க்கட்சிக்கு. ஓட்டு மட்டும் போட மாட்டார். அந்த ஒரு நாள்தான் தொண்டைக்கு ஓய்வு என்பார்.

அப்பா வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அவருக்கு ஓட்டுப்போடும் நாள் விடுமுறை நாள். விடுமுறை நாள் என்றால் மேட்னி. “எவன் வந்தாலும் நமக்கென்ன?” என்பதுதான் அவருடைய ஒரே அரசியல் கொள்கை. அதில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

அம்மாவுக்கும் சினிமா பிடிக்கும். ஆனால் அவள் மனசு முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து கிளம்பும் தண்ணீர் அத்தனை தூரம் வந்து, எங்கள் தெருவுக்குள் மட்டும் நுழையாமல் நின்றுவிடும். எங்களுக்குப் பைப்பு போடவே இல்லை. அடுத்த தெருவின் பொதுப் பைப்புக்குக் குடத்தோடு போகவேண்டும். அதில் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது பைப்புக்கே வெளிச்சம். கிணற்றுத் தண்ணீரோ ஒரே உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து பேன் பார்த்த பெண்கள் சாயங்காலம் அந்த வரிசையில் ஒருத்தியை ஒருத்தி வாயில் வந்தபடி திட்டிக்கொள்வார்கள்.

கூட்டம் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும் என்று அம்மா வீடு வீடாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தது அம்மா, நான், பிறகு யாருடையது என்று தெரியாத ஒரு ஆடு. அடுத்த கூட்டத்தன்று ஒரு புதுப்படம் வந்துவிட்டதால் ஆடும் வரவில்லை. இதைக் கேள்விப்பட்டு எங்கள் வார்டு கவுன்சிலர் சிரித்துவிட்டார். “சேச்சி, அந்தத் தெருவுல உங்களுக்கு மட்டும்தான் தாகமா?” என்று கேட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வருகிறேன், அன்றைக்கும் ஆள் இல்லையென்றால் உங்களுக்குப் போடவேண்டிய பைப்பை வேண்டும் என்று கேட்கிற வேறு தெருவுக்குப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு அம்மா உலையில் அரிசி போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணம் என்று நான் நினைத்தேன். சாப்பிட வந்த மாமா சரியாகப் பார்த்துவிட்டார்.

“அக்கா, வெறுமனே கூட்டம்னு சொன்னா ஒரு ஈ காக்கா வராது. இதை எங்கிட்ட விடு.”

“பொய் சொல்லிக் கூட்டாதடா.”

“பொய்யா? ஒரு பொய் வராது. நீ வேணா பாரு.”

சனிக்கிழமை அவர் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். என் வாழ்க்கையில் அதுவரை எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பதவி அது. ஓடி முடிந்த பழைய படங்களின் மிச்ச நோட்டீஸ்கள் ஒரு கட்டு என் மடியில் இருந்தன. ரோஸ், மஞ்சள், பச்சை. அதை வாரி வாரி வீசுவது என் வேலை. பின்னால் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். மாமா மைக்கை வாயருகே கொண்டுபோய், தொண்டையைச் செருமி, ஆரம்பித்தார்.

“நாளை மாலை ஆறு மணிக்கு! மிளகுக் கிடங்கு முற்றத்தில்! இந்தத் தெருவில் முதல் முறையாக! கண்ணீர் உண்டு, சிரிப்பு உண்டு, சண்டையும் உண்டு! குடும்பத்தோடு வாருங்கள், அனுமதி இலவசம்! கதாநாயகி யார்? வில்லன் யார்? நேரில் வந்து தெரிந்துகொள்ளுங்கள்! பாய் கொண்டுவர மறக்காதீர்கள்!”

இதை மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ஆட்டோ தெருமுனையில் திரும்பி, வீடுகள் எல்லாம் முடிந்து, ஒரு நீண்ட மதில் மட்டும் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, “இது குடிதண்ணீர் பிரச்சினை பற்றிய பொதுக்கூட்டம்” என்று மதிலுக்கு அறிவித்தார். ஒவ்வொரு சுற்றிலும் அதை விடாமல் சொன்னார். அந்த நேர்மையை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன். அப்போது என் காதில் எதுவும் ஏறவில்லை. எங்கள் தெருவில் சினிமா போடப்போகிறார்கள், அதை அறிவிப்பது என் மாமா, நோட்டீஸ் வீசுவது நான். பள்ளிக்கூடத்துத் தோழிகள் அத்தனை பேரையும் அழைத்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நான் ஐந்து மணிக்கே பாயை விரித்து முதல் வரிசையைப் பிடித்துவிட்டேன். கிடங்கின் சுவரில் சலவைக்கார வீட்டிலிருந்து வாங்கிய பெரிய வெள்ளைப் படுதா ஒன்று கட்டியிருந்தது. கவுன்சிலரின் வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் சுவர் அழுக்காகத் தெரியக்கூடாதே என்று மாமா அம்மாவிடம் அதற்குக் காரணம் சொன்னார். வெள்ளைத் துணியைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. தெருவே வந்தது. பக்கத்துத் தெருவும் வந்தது. கப்பலண்டி என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வறுக்கிறவர் அடுப்போடு வந்து ஓரமாகக் கடை போட்டார். அப்பா நண்பர்களோடு பின்னால் நின்று, படம் தமிழா மலையாளமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் நடப்பது எதையும் காதில் வாங்காத மனிதர்.

கவுன்சிலர் வந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மாவின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டுமே யோசித்து வைத்திருந்தாள் பாவம். சாயாக்கடையிலிருந்து வயர் இழுத்துப் போட்டிருந்த பல்பு எரிந்தது. அம்மா மைக் முன்னால் போய் நின்றாள். மைக் கீச்சென்று கத்தியது. பின்னாலிருந்து ஒருவர், “படத்தைப் போடுங்க!” என்றார். விசில் பறந்தது.

“படம் இல்லை,” என்றாள் அம்மா. அவள் குரல் ஒலிபெருக்கியில் யாரோ போலக் கேட்டது. “போறவங்க போகலாம். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் பவுடர் போட்டு வந்திருக்கீங்க. குளிச்சுட்டு வந்தது யாரு? கை தூக்குங்க பாக்கலாம்.”

இரண்டு நாட்களாகப் பைப்பில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு ஆள் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முற்றமே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்கள் அப்புறம் எழுந்து போகவில்லை.

மாமா அறிவித்தது எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி தைரியம் வந்து மைக்குக்கு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சாயா போடத் தண்ணீர் இல்லாமல் போன கதையைச் சொல்லி ஒரு சேச்சி அழுதாள். பைப்படியில் என் அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்த அடுத்த வீட்டுக்காரி, அதை எல்லார் முன்னாலும் நடித்தே காட்டினாள். இருவரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கவுன்சிலர் எழுந்து, ஓணத்துக்கு முன்னால் கட்டாயம் செய்துவிடலாம் என்றார்.

“எந்த வருஷத்து ஓணம்?” என்று அந்தச் சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

அதற்கு எழுந்த விசிலை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். கதாநாயகன் திரையில் தோன்றும்போது மட்டுமே வெளிப்படும் என் அப்பாவின் விசில். அதோடு விட்டாரா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, “தேதியைச் சொல்லுங்க சார்!” என்றார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தேதி, தேதி என்று முற்றம் அதிர்ந்தது. கவுன்சிலர் ஒரு தேதியைச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள்.

எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அந்த வெள்ளைத் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எந்த நிமிஷமும் படம் வரலாம். ஆனால் பல்பு வெளிச்சத்தில் அம்மாவின் நிழல்தான் அதில் பெரிதாக விழுந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினேன்.

“அம்மா, தள்ளி நில்லு! திரை மறைக்குது!”

அம்மாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சொன்ன தேதிக்கு எந்தப் பைப்பும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். மறுநாள் அந்தப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். பிறகும் பலமுறை போனார்கள். ஓணம் போய், சித்திரையில் விஷுவுக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த தேர்தலில் அப்பா காலையிலேயே ஓட்டுப்போட்டுவிட்டு மேட்னிக்குப் போனார். மாமா மை வைத்த விரலைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும்போது நான் யாரோடும் பேசவில்லை. பாயை மாமாவின் மேல் வீசினேன். தோழிகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுதேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். முன்னால் அம்மா பெண்கள் புடைசூழப் போய்க்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு, சும்மாவே சிரித்துக்கொண்டு வந்தார் அவர். டிக்கெட் கிடைத்த நாட்களில் மட்டும்தான் அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அன்றைக்குப் படம் தெரிந்திருக்கும் என்றுதான் வெகுநாள் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.