இரண்டு பை இருக்கட்டும்

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் வெங்கடராகவன், இருப்பு இல்லாமல் எதிலும் இறங்கமாட்டார். தன் கல்யாணத்துக்கே இரண்டு புரோகிதர்களை வரவழைத்தவர். நெம்மேலியில் வீடு, கண்ணெதிரே கடல். ஆனாலும் மாடியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர். கத்தியைத் தொடும் முன் ரத்த வங்கிக்கு அவர் அனுப்பும் திருவாக்கு ஒன்றே: "இரண்டு பை இருக்கட்டும்."

பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே கலைதான். வேறு யாரும் உட்கார முடியாது, போட்டவரும் ஏறுவதில்லை. ஒதுக்கிய பை குளிர்பெட்டியில் தவம் கிடக்கும். பொருத்தம் பார்த்த செலவு நோயாளியின் பில்லில் ஏறும். காலாவதியானதும் ரத்தம் குப்பைக்குப் போகும்.

ரத்த வங்கிப் பொறுப்பாளர் டாக்டர் லதா ஆணையிட்டார்: ஹெர்னியா போன்றவற்றுக்கு ரத்த வகை மட்டும் பார்த்து வைத்தால் போதும், தேவைப்பட்டால் உடனே பை வரும். மீறி ஒதுக்கச் சொல்பவர், அதன்பின் ஒவ்வொரு ஆர்டருக்கும் லதாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இத்தனை வருஷ சர்வீஸ்காரர், ஜூனியரிடம் கையெழுத்தா!

புது விதிக்கு முதல் ஆள், ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த சதுரங்கப்பட்டினத்து மீன் வியாபாரி தனகோடி.

"இன்னா சார், எனக்கு ரத்தமே எடுத்து வெக்கலியாமே?"

"வேண்டாமாம்."

"பில்லு கொறையுமா?"

"குறையும்."

"அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?"

டாக்டர் கை கழுவினார். வராந்தாவை எட்டிப் பார்த்தார். மறுபடி கழுவினார்.

அந்த வராந்தா பெஞ்சில் டாக்டரின் மைத்துனர் லக்ஷ்மிநாராயணன் உட்கார்ந்திருந்ததை லதா பார்த்தார். கல்பாக்கத்தில் உத்தியோகம், அன்று லீவு.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்குமில்லை மேடம். அத்திம்பேர் சும்மா உட்காரச் சொன்னார். இது மூணாவது ஹார்லிக்ஸ். எனக்கும் பேஷண்டுக்கும் ஒரே குரூப்பாம்."

விதி பைகளைப் பற்றித்தான் பேசியது. மைத்துனர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தனகோடிக்கு ஒரு சொட்டு ரத்தமும் ஏற்றாமல் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் வியர்வையில் குளித்து வெளியே வந்தார். லதாவைக் கண்டதும் சுவரைப் பார்த்தார்.

"இவர்கிட்டேர்ந்து எடுத்து, டெஸ்ட் பண்ணி முடிக்கவே பாதி நாள் ஆகும். தெரியாதா சார்?"

"தெரியும். இருந்தாலும் ஆள் இருக்கானேன்னு ஒரு தைரியம்."

"சரி, பை ஒதுக்கலை; கையெழுத்திலேர்ந்து தப்பிச்சீங்க. ஆனா வந்த மைத்துனரை வீணாக்கக் கூடாது."

மைத்துனர் சம்மதித்து, தானம் கொடுக்கப் படுத்தார். பை நிரம்பும்வரை டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் குனிந்தார்.

"லதா, நாளைக்கு எனக்கு ஒரு பித்தப்பை கேஸ். இந்த ஒரு பை மட்டும்..."

லதா நிதானமாகப் பேனா மூடியைத் திறந்தார்.

"ஐயோ, சும்மா கேட்டேன்!" என்ற டாக்டரின் கண்கள் மெல்ல மைத்துனர் பக்கம் திரும்பின.

"நாளைக்கு எனக்கு லீவு கிடையாது அத்திம்பேர்," என்றார் அவர், படுத்தபடியே.