ஜரிகை மீசையும் கன்னத்துச் சிவப்பும்

சென்ற மாதம் எங்கள் தெருப் பெண்ணொருத்தி, தான் பணிபுரியும் அசைவூட்டப் பட நிலையத்தைக் காட்ட என்னை அழைத்துச் சென்றாள். பட்டுக்கடையொன்றின் மேல்மாடியில் குளிரூட்டிய கூடம். திரைகளில் பொம்மைகள் ஓடின. எனக்கோ ஏதோ குறைவதாகவே தோன்றிற்று.

"வாசனையே இல்லியேம்மா?"

"பெயிண்டே கிடையாது தாத்தா, எல்லாம் சிஸ்டம்தான்" என்று சிரித்தாள்.

நான் அறிந்த கூடத்தில் புளித்த காடியின் நெடி அடிக்கும். செல்லுலாய்டு தாளும் வண்ணக் குழம்பும் கலந்து எழும் நெடி. சென்னையில் என் நண்பன் தணிகாசலத்தைக் காணச் சென்ற நாளில் அது என் சட்டையில் ஏறிற்று; பல சலவைகளுக்கும் அது இறங்கவில்லை.

தணிகாசலம் எங்கள் ஊராகிய காஞ்சியில் சேலைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் உருவெழுதியவன். நெசவாளராகிய நாங்கள் அமாவாசையன்று தறியில் அமர்வதில்லை. ஆதலால் கொட்டகைக்காரர் அன்று பகலில் ஆங்கிலப் படம் போடுவார். நடிகர்களின் பெயர்களைப் படிக்கத் தெரியாத குறையை, நாங்களே பெயர் சூட்டித் தீர்த்துக்கொண்டோம். இழைபோன்ற மீசையுடையவர் 'ஜரிகை மீசை'. பாதி மூடிய விழிகளால் எங்களை மயக்கியவள் 'தூக்கக்காரி'. அவள்மீது எனக்கிருந்த மதிப்பை என் மனைவி இன்றளவும் மன்னித்தபாடில்லை.

பின்னர் அவன் சென்னைக்குச் சென்று, விளம்பரப் பொம்மைப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையில் அமர்ந்தான். அவனுக்குப் பார்வை மங்கி வருகிறதென்று காஞ்சியிலிருந்த அவன் மனைவி அழுததால்தான் நான் புறப்பட்டேன். அவ்வேலை போனால் மறுவேலை இல்லை. கட்டத்தாளுக்கும் கண்தானே முதல்?

"இன்னாபா, தறிய வுட்டுட்டு வந்துகீற?" என்று என் குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டு எழுந்தான்.

"அமாவாசைபா. மறந்துட்டியா?"

"சரி, தூக்கக்காரி எப்படி கீறா?"

"போன அமாவாசைக்கு வந்தா. இந்தப் படத்துலயும் செத்துட்டா."

"ஜரிகை மீசையா சுட்டான்?"

"சேச்சே, காய்ச்சலு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். கண்ணைப் பற்றி எப்படித் தொடங்குவதென்று நான் தயங்கியிருக்கையில், அவனே சுவரைச் சுட்டினான். முகபாவங்களைப் பயில்வதற்காக அங்கே அந்நடிகர்களின் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன.

"பாரு, நம்ம ஜரிகை மீசை. இன்னும் சிரிச்சினே கீறான்."

அவன் விரல் நீண்ட இடத்தில் முருகன் நாட்காட்டி தொங்கிற்று. விளையாடுகிறான் என்றெண்ணி நான் மீண்டும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை என்றோ அகற்றியிருக்கிறார்கள். அவனுக்கு அது தெரியவில்லை.

அப்போது மேற்பார்வையாளர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி வந்தார். பல்பொடி விளம்பரத்துக் குழந்தையின் கன்னம். முகக்கோட்டுக்கு வெளியே சிவப்பு வழிந்திருந்தது.

"தணிகாசலம், எத்தனை வாட்டி சொல்றது? இன்னியோட போதும்பா."

"கண்ணாடி மாத்தினா சரியாயிடும் சார்."

"மூணு கண்ணாடி மாத்திட்டியே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும், எதிர்த்துப் பேச எனக்கொரு வழி கிடைத்திருக்கும்.

அன்று மாலையே அவன் பையைச் சுமந்துகொண்டு அவனோடு காஞ்சிப் பேருந்தேறினேன். பூவிருந்தவல்லி தாண்டியபின், "வீட்ல நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத" என்றான்.

அதன்பின் அமாவாசைதோறும் அவன் கைபற்றிக் கொட்டகைக்குக் கூட்டிச் செல்வேன். திரையில் நடப்பதைக் காதோரம் சொல்வேன். பின்வரிசைக்காரர்கள், "யோவ், ரேடியோவ நிறுத்துய்யா" என்பார்கள். ஒருநாள் இடைவேளையில் அந்தப் பல்பொடிப் படமே வந்தது. பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் அவன் என் முழங்கையை இறுகப் பிடித்தான்.

"கன்னம் எப்படிபா கீது? வெளிய வழியுதா?"

நான் உற்றுப் பார்த்தேன். குழந்தை சிரித்தபோது, கண்ணிமைக்கும் நேரம், அதன் முகத்துக்கு அப்பால் ஒரு சிவப்புத் துடித்து மறைந்தது.

"வழியலபா. ஜோரா கீது."

அவன் பிடியைத் தளர்த்தினான்.

தணிகாசலம் போய்ச் சேர்ந்து நெடுங்காலமாகிறது. கொட்டகை நின்ற மனையில் இப்போது பட்டெடுக்க வருவோரின் கார்கள் நிற்கின்றன. அந்த விளம்பரத்தைக் கணினியில் தேடித் தருமாறு மேல்மாடிப் பெண்ணிடம் கேட்டேன். நெடுநேரம் தேடினாள்.

"அது எங்கியுமே இல்ல தாத்தா" என்றாள்.