சம்பந்தம் பேச வந்த முதலீடு

மென்பொருள் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என்பது அடுத்தவர் செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. அதே கம்பெனிக்குள் ஒரு முதலீட்டு நிதி நுழைந்துவிட்டால், இனிமேல் செய்யப்போகிற தப்புக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்படி ஒரு கம்பெனியில் மாட்டிக்கொண்டு விழிக்கிற அன்பர்கள் ஊருக்கு ஊர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. துணைக்கு ஆள் உண்டு என்று தெரிந்துகொண்டால் சரி.

எங்கள் கம்பெனி கோவில்பட்டியில் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகள், பட்டாசுக் கடை, கடலைமிட்டாய்க்காரர்கள், உள்ளூர், வெளியூர்ப் பலசரக்கு மொத்த வியாபாரிகள் எல்லோருக்கும் பில் போடவும் கணக்கு வைக்கவும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். சேவைப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எனக்குக் கீழே இருந்த பெண்களில் பாதிப் பேர் எப்போதும்வென்றான், எட்டயபுரம் ஆகிய ஊர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், எனக்குப் பசுவந்தனை ஊர். எல்லார் வீட்டிலும் மானாவாரி நிலம்தான். மழை பெய்யாத வருஷமும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும் என்பதுதான் அந்த ஆபீசின் மகிமை. அது போனால் எங்களுக்கு வேறு போக்கு கிடையாது.

நாலு நல்ல வார்த்தை

மும்பையிலிருந்து ஒரு முதலீட்டு நிதி எங்களை வாங்க வந்தது. பெரும்பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி நடுத்தரக் கம்பெனிகளை வாங்குவது, சில வருஷத்தில் லாபத்தைக் கூட்டிக் காட்டி வேறொருவருக்கு விற்பது, இதுதான் அவர்கள் பிழைப்பு. வாங்கும் முன் வாடிக்கையாளரிடம் விசாரிப்பார்களாம். அந்த நிதியில் வேலை பார்க்கும் கார்த்திக் என்ற சென்னைப் பையன் என்னிடம் நம்பர் கேட்டான். தீப்பெட்டி ஆபீஸ் தங்கராஜ் அண்ணாச்சியின் நம்பரைக் கொடுத்தேன்.

எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர் வந்து ஒரு வீட்டைப் பற்றிக் கல்யாணத்துக்கு விசாரித்தால், அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர்கூடக் குறை சொல்ல மாட்டார். ஒரு நல்ல காரியம் தன் வாயால் தட்டிப்போகக் கூடாது என்று நினைப்பார். முந்தின நாள்தான் அண்ணாச்சி, ஜிஎஸ்டி கணக்கு எடுக்க முடியவில்லை என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். அதே மனிதர் கார்த்திக்கிடம், இந்த சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் என் ஆபீஸ் கதவே திறக்காது, பத்து மடங்கு விலை ஏற்றினாலும் விட மாட்டேன் என்று அள்ளிவிட்டிருக்கிறார். பெருமையாக எனக்கும் போன் போட்டுச் சொன்னார்: “நல்ல காரியத்துக்கு விசாரிக்க வந்திருக்காவ, நாலு வார்த்தை கூட்டித்தானம்மா சொல்லணும். கவலையே படாத, சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்.”

மாலைக்கு அப்புறம்

சம்பந்தம் முடிந்தது. கம்பெனியை ஆரம்பித்த எங்கள் முதலாளிக்கு விழா வைத்து ஆளுயர மாலை போட்டார்கள். பெரும்பங்கை விற்றுவிட்டாலும் ஆலோசகராக அதே அறையில் இருப்பார் என்றார்கள். இருந்தார். கம்பெனியை நடத்தப் பெங்களூரிலிருந்து புதிய தலைமை அதிகாரி வந்தார். கம்ப்யூட்டர் திரையில் வந்தார், நேரில் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் முத்துமாரியின் பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல். அவள் எப்போதும்வென்றானிலிருந்து வருகிற பெண், அரை நாள் லீவு கேட்டாள். பழக்க தோஷத்தில் நான் முதலாளி அறைக்குப் போய் நின்றேன். அவர் வழக்கம்போலத் தலையாட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. “கையெழுத்துப் போடுத வரைக்கும்தான் நான் மொதலாளி. இப்ப எனக்கே லீவு வேணும்னாலும் பெங்களூருலதான் கேக்கணும், தெரியுமா?” என்றார்.

மழை உண்டா?

அடுத்து, ஒவ்வொரு அழைப்பையும் இத்தனை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் வாடிக்கையாளருக்கு அந்த நிமிஷம் நலம் விசாரிக்கவே காணாது. ஊரில் மழை உண்டா, கம்பு எப்படி, பிள்ளைக்கு உடம்பு தேவலையா என்று சுற்றி வந்துதான் பில் மிஷின் பக்கம் வருவார்கள். முத்துமாரி நேரமாகிவிட்ட பதற்றத்தில் ஒரு கடலைமிட்டாய்க்கார அம்மாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அந்த அம்மா கோபப்படவில்லை. என் நம்பருக்குக் கூப்பிட்டு, “மழை உண்டாட்டின்னு கேட்டேன், பட்டுனு வச்சிட்டா. அந்தப் புள்ள வீட்டுல ஏதும் ஆகாதது ஆயிட்டா?” என்று கேட்டார்.

மூன்று மடங்கு

சில மாதம் கழித்துக் கார்த்திக் நேரிலேயே வந்தான். கெட்ட பையன் இல்லை. எல்லோரையும் அக்கா என்பான், ஊருக்குப் போகும்போது கடலைமிட்டாய் வாங்கிப் போவான். விலையை ஏற்றப் போகிறோம் என்று திரையில் படம் போட்டுக் காட்டினான். அதில் தங்கராஜ் அண்ணாச்சி சொன்னது பெரிய எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. பத்து மடங்கானாலும் விட மாட்டார்.

தம்பி, அது கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவரிடம் சொல்கிற பேச்சு, அதை வைத்து விலை போடக் கூடாது என்று எங்கள் பஜார் வழக்கத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவர் குரல் பதிவாகி இருக்கிறது, இந்தப் பேச்சை நம்பித்தான் கம்பெனிக்கே விலை பேசினோம், இப்போது மாற்ற முடியாது என்றான். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னான்: “பத்து மடங்குக்குச் சரின்னு சொன்னவருக்கு மூணு மடங்குதான் ஏத்தியிருக்கோம், அக்கா. அவர் சந்தோஷம்தான் படணும்.”

பந்தி

புது விலையை அண்ணாச்சிக்கு நான்தான் சொன்னேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். அவரோ, நான் சொன்னதை வைத்தா ஏற்றினார்கள், எல்லாருக்குமா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து இப்படி ஆகிவிட்டதே என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். அந்த மாதமே வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஒருவர் போனால் தெருவே போகும், போயிற்று. எங்களிடம் கணக்கு முடிகிற நாளன்று அண்ணாச்சி ஆபீசுக்கே வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, “பொண்ணு நல்லா சமைக்கும்னுதான் சொன்னேன். மறுநாளே அவள ஊருக்கெல்லாம் பந்தி வைக்கச் சொல்லுதானே, இவன்லாம் என்ன மாப்பிள்ளை?” என்றார்.

மாமியார் கணக்கு

உள்ளூர் வாடிக்கையாளர் குறைந்ததும், கோவில்பட்டி ஆபீஸ் எதற்கு என்ற கேள்வி வந்தது. பதிலும் அவர்களிடமே இருந்தது. வேலை யாருக்கும் போகாது, ஆனால் எல்லோரும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். அதை அவர்கள் சலுகையாகவே சொன்னார்கள்.

முத்துமாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மாமியார் பார்த்துக்கொள்வதால்தான் பிள்ளையை விட்டு அவள் வேலைக்கு வர முடிகிறது. மாமியாரும் கூட வந்தால் இடமாற்றச் செலவு கொடுப்பார்களா? அவளுக்காக நான் கேட்டேன். கணவன், பிள்ளைகள் உண்டு, மாமியார் குடும்பக் கணக்கில் வர மாட்டார் என்று பதில் வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன். எட்டயபுரம் வழியாக அவள் ஊருக்குப் போகும் பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்: “அந்தக் கணக்கைப் போட்டவிய புள்ளைகள யாரு வளக்காவ, அக்கா?”

வாழ்த்து

எங்களில் ஒருவர்கூடப் பெங்களூர் போகவில்லை, போக முடியவில்லை. முத்துமாரி இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டுகிறாள். பாதிச் சம்பளம். நான் பசுவந்தனையில் இருக்கிறேன். இந்த வருஷம் விதைப்புக்கு அப்புறம் மழை எட்டிப் பார்க்கவில்லை, உளுந்து பூவோடு கருகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு புஞ்சையில் நின்றபோதுதான் கார்த்திக் கூப்பிட்டான்.

கம்பெனியை வேறொரு நிதிக்கு விற்றுவிட்டார்களாம். வெளியூர்ப் பெரிய வியாபாரிகள், இத்தனை வருஷக் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றப் பயந்து மூன்று மடங்கைக் கட்டிவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் இல்லாததால் செலவும் குறைந்துவிட்டது. வாங்கியதைவிட நல்ல விலை. அவன் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. “இதுல பாதி உங்க உழைப்புதான், அக்கா. உங்க டீம்ல எல்லார்கிட்டயும் என் வாழ்த்தைச் சொல்லிடுங்க” என்றான்.

லாபம் வந்தது நிஜம்தான் அன்பர்களே, அது வருகிற வழியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.