ஏரிக்கரையில் போட்ட மேடு

ஏரி வண்டலுக்கு ஒரு வாடை உண்டு. நத்தை ஓடும் அழுகிய கோரையும் கலந்த அந்த வாடை கையில் ஏறிவிட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரில், மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் ஏரியில் இறங்கி வண்டலை வாரிக் கரையில் கொட்டி உயர்த்த வேண்டும். "ஏரி வேலை" என்று அதற்குப் பெயர். கூலி கிடையாது, வராத வீட்டை ஊர் சும்மா விடவும் விடாது.

எங்கள் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிய வருடத்தில் அந்த வேலை நடக்கவில்லை. ஆண்கள் மறியலுக்குப் போய்விட்டார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, எனக்கு அது அப்படியே நின்றுபோனது. கூலி இல்லாததால் இரண்டு வேளையும் கூழ்தான். ஊருக்கு வரும் ஒரே சாலை ஏரிக்கரையின் மேலேயே போகும். போலீஸ் வண்டி வராமலிருக்க அதன் குறுக்கே பள்ளம் வெட்டுவதென்று முடிவாகி, ஒரு காலையில் அப்பாவும் இன்னும் சிலரும் கடப்பாரையோடு போக, பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடினோம். முழங்கால் ஆழம் வெட்டியிருப்பார்கள். கரைக்குக் கீழே குத்தகை நிலத்தில் நாற்று விட்டிருந்த என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, சேற்றுக் காலோடு ஏறி வந்தாள்.

"இன்னாடா வெட்டிக்கினு இருக்கீங்க? ரோட்டயா, ஏரியயா?"

"போலீசு வரும்க்கா. நீ வூட்டுக்குப் போ," என்றார் அப்பா.

"போலீசு ரோட்டுல வரும். தண்ணி என் நாத்து மேலதான்டா வரும். மலையப் பாரு, கருத்துக்கினு நிக்குது."

கூட இருந்தவர் ஒருவர் சிரித்தார். "அப்ப நீயே குறுக்க படுத்துக்கோக்கா. எந்த வண்டியும் தாண்டாது."

"படுப்பேன். மறியல் முடியற வரைக்கும் சோறு ஊட்ட நீ வருவியா?"

சொல்லிவிட்டு ஏரிக்குள் இறங்கியவள், ஒரு கூடை வண்டலோடு வந்து அந்தப் பள்ளத்திலேயே கொட்டினாள்.

"வண்டி வரக் கூடாது, அவ்ளோதான? வெட்டாதீங்கடா, கொட்டுங்க."

அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கூடை தேடினார். பெண்கள் வந்தார்கள், நாங்களும் சட்டியும் முறமுமாக வாரினோம். பொழுது சாய்வதற்குள் சாலையின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஈர மேடு எழுந்தது; விட்டுப்போன ஏரி வேலையும் பாதி முடிந்திருந்தது. வந்த போலீஸ் வண்டி மேட்டைப் பார்த்துத் திரும்பியது. அந்த வாரமே மலையில் மழை கொட்டி ஏரி நிரம்பியபோது, அலை கரையின் விளிம்பைத் தொட்டது. வெட்டிய இடம் தாங்கியது, மிச்சத் தண்ணீர் கலிங்கல் வழியே போனது. அத்தை நாற்றைப் பிடுங்கி நட்டாள்.

செங்கல் சூளை, கரும்பு வெட்டு, லாரி என்று எங்கெங்கோ திரிந்துவிட்டுச் சமீபத்தில் அந்தக் கரை வழியே போனேன். வண்டித் தடத்தில் தேய்ந்து தேய்ந்து, கண்டக்டர் "மேடு வருது, புடிச்சிக்கோ" என்று கத்தும் அளவுக்கு நெடுநாள் மிஞ்சியிருந்த அந்த மேட்டைச் சாலை போட்டவர்கள் மழித்துவிட்டார்கள். அத்தை இல்லை. ஏரி வேலைக்கு யாரும் இறங்குவதும் இல்லை. பெருமழை பெய்தால் தண்ணீர் சரியாக அந்த இடத்தில்தான் கரையைத் தாண்டுகிறதாம். மறிக்க ஆளே இல்லாமல் பஸ் நின்றுவிடுகிறது.