உஷ் அண்ணன்

சிப்ஸ் பொட்டலத்தை யாரோ பிரிக்கிறார்கள் என்பது அவருடைய முதுகுக்கே தெரிந்துவிடும். திரும்புவதற்குள் தோளில் தொங்கும் துணிப்பை கைக்கு வந்திருக்கும். "இதுல கொட்டுங்க. எல்லாத்தையும் கொட்டிட்டு அள்ளி அள்ளிச் சாப்பிடுங்க, யாரு வேணாம்னா? கவரை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க." வார்த்தைகளில் அதிகாரம் இருக்கும். ஆனால் வெளியே வருவது வெறும் காற்றுதான். பொட்டலத்தைப் பறிகொடுத்த பிள்ளை உதட்டைப் பிதுக்கும். பிள்ளையின் அப்பா, இதெல்லாம் ஒரு சத்தமா என்று முறைப்பார். "மேல பிரசவ வார்டு நடக்குது சார். ஆஸ்பத்திரியில இப்படி மொறுமொறுன்னு சத்தம் போடுவீங்களா?" என்று அவர் கேட்டதும் அப்பா அண்ணாந்து பார்ப்பார். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு ஒரு நாரை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பமே பூனைநடை நடக்கும்.

பறவைகள் சரணாலயத்தில் அவர் காவலர். பெயர் என்று ஒன்று இருக்கிறது, சம்பள நாளில் மட்டும் அதற்கு வேலை. மற்ற நாட்களில் படகுக்காரரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் உஷ் அண்ணன். எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கேட்டால் தலையைச் சொறிவார். அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடாவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பைக்காரம்மா'. அவருக்குத் தெரிந்த பறவை விஞ்ஞானம் ஒன்றே ஒன்றுதான். சத்தம் கேட்டால் அடைகாக்கும் பறவை எழும், எழுந்தால் கூடு திறந்து கிடக்கும். "காக்கா எங்கேயும் போகல. பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி பக்கத்துக் கிளையிலயே உக்காந்திருக்கு. இவ எழுந்தா அவன் இறங்குவான்" என்பார்.

அதனால் ஏரியில் தண்ணீர் ஏறியது முதல் குஞ்சுகள் பறக்கும்வரை அவர் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார். வாயில் கதவின் கீலுக்கு எண்ணெய் போடுவது தினப்படி வேலை. சைக்கிள் மணியின் நாக்கை எப்போதோ பிடுங்கிவிட்டார். தும்மல் வந்தால் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார், தோள் மட்டும் ஒருமுறை குதிக்கும். சிரித்தாலும் சத்தம் வராது, வயிறு குலுங்கும். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்து வலிப்போ என்று பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பறவைகள் போடும் கூச்சல் சந்தைக்கடை தோற்றுப்போகும் கூச்சல். அலகை அலகோடு தட்டும், குஞ்சுகள் பசிக்குக் கத்தும், ஒரு குச்சிக்காக இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொள்ளும். "அதுங்க மட்டும் இப்படிக் கத்துதே!" என்று யாராவது நியாயம் கேட்டால், "அது குடும்பச் சண்டைங்க. நாம நடுவுல வாய் குடுக்கக்கூடாது" என்பார். நம் சத்தம் எட்டியதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றால், "கழுத்தைப் பாருங்க. எட்டிச்சுன்னா கழுத்து திரும்பிடும்" என்பார். கரையில் எது விழுந்தாலும் உடைந்தாலும் அவர் கண் முதலில் ஓடுவது மரத்துக் கழுத்துகளுக்குத்தான்.

இந்த மனிதர் ஒரு காலத்தில் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எதிர்வரிசைத் தையல் கடையில் உட்கார்ந்திருந்த பெண் நம்புவார், ஏனென்றால் அவர்தான் இப்போது இவருடைய மனைவி. தெருவில் எல்லோரும் அவரைத் தையல்காரம்மா என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். "குரலைத்தான் முதல்ல பிடிச்சுது. ஆளை அப்புறந்தான் பார்த்தேன்" என்று பழைய கதையைக் கேட்பவர்களிடம் தையல்காரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்.

சரணாலய வேலைக்கு வந்த பிறகு அந்தக் குரல் இறங்கியது. இறங்கிய குரல் வீட்டுக்கு வந்தும் ஏறவில்லை. "வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்? கொஞ்சம் தொறந்துதான் பேசுங்களேன்" என்று தையல்காரம்மா சலித்துக்கொள்வது வருடக்கணக்காக நடக்கிறது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் பேசினாலும் இதே குறைதான். "இவளும் அப்பாவை உரிச்சு வெச்சிருக்கா. வார்த்தையை முழுங்கி முழுங்கிப் பேசறா." குடும்பத்தில் இது ஒரு நிரந்தரச் சிரிப்பாகிவிட்டது.

சிரிப்புக்கு அடியில் வேறொன்று வளர்ந்தது. கரைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறவருக்குத் தன்னிடம் பேசத்தான் பிடிக்கவில்லை என்று தையல்காரம்மா பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன கோவமோ தெரியல, எதைக் கேட்டாலும் பதிலே வர்றதில்ல" என்று உஷ் அண்ணன் படகுக்காரரிடம் குமுறினார். ஒருவர் மேல் ஒருவருக்குக் குறையாத பிரியம். ஆளுக்கொரு மூலையில் மனம் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஒரு காலையில் தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். உஷ் அண்ணன் அவருக்குப் பின்னால் அலமாரியில் டம்ளரைத் தேடினார். கை பட்டு ஒரு பெரிய பாத்திர மூடி சிமெண்டுத் தரையில் விழுந்து, கணகணவென்று சுற்றி, ஓய்ந்தது. பழக்க தோஷத்தில் அவர் உடம்பு குறுகியது. பழக்க தோஷத்தில் கண் கழுத்தைத் தேடியது. கழுத்து திரும்பவில்லை. தையல்காரம்மா நூல் நுனியை நாக்கில் ஈரமாக்கி, நிதானமாக ஊசிக்காதில் நுழைத்தார். உஷ் அண்ணன் மூடியை எடுத்து, இந்த முறை தானாகவே கீழே போட்டார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே மனைவியைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனார்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவரு மெதுவா பேசுவாரு" என்றார் தையல்காரம்மா.

"ஆமாம் டாக்டர், நான் மெதுவாத்தான் பேசுவேன். அதனாலதான் இத்தனை நாளா ரெண்டு பேருக்கும் தெரியல" என்றார் உஷ் அண்ணன்.

வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. சாதாரணமாகப் பேசும் புருஷன் வாய்த்திருந்தால் அந்த அம்மாள் எப்போதோ சந்தேகப்பட்டிருப்பார். இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதுக்குக் கருவி வரவழைக்கலாம், கொஞ்ச நாளாகும். "ஆனா பாதிதான் கருவி கேக்கும், மீதியைக் கண்ணுதான் கேக்கணும்" என்றார் டாக்டர். "இத்தனை நாளா இவங்க எதிராளி வாயைப் பார்த்துத்தான் சமாளிச்சிருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. போன்ல மக வாய் தெரியாது, அதனால புரியல. உங்க வாய் எதிர்ல இருந்தும் தெரியல."

மீசையைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சாதாரண மீசை அல்ல. மூக்குக்குக் கீழே புறப்பட்டு, மேலுதட்டை முழுசாக மூடி, கீழுதட்டிலும் பாதியைப் பிடித்துக்கொண்ட மீசை. கரையில் குரல் செய்யாத வேலையை அதுதான் செய்கிறது. காற்று மாதிரிப் பேசும் ஆளுக்குக் கல்லூரிக் கும்பல் அடங்குகிறது என்றால் அது மீசைக்குத்தான் அடங்குகிறது. காலையில் கண்ணாடி முன்னால் அதைச் சீவுவதற்கென்றே ஒரு குட்டிச் சீப்பு வைத்திருக்கிறார்.

"எடுத்துடலாமே" என்று டாக்டர் சொன்னபோது உஷ் அண்ணனின் கை தானாக மீசையைப் பொத்தியது. "வேணாம் டாக்டர். நான் கத்திப் பேசிடறேன்."

கத்தினார். பல வருடம் கிசுகிசுத்த தொண்டைக்கு நடுத்தரம் என்பது மறந்துபோயிருந்தது. ஒன்று காற்று, இல்லையென்றால் இடி. "உப்பு சரியா இருக்கு!" என்று சாப்பாட்டைப் பாராட்டியது தெருக்கோடிவரை கேட்டது. பக்கத்து வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, "என்ன அண்ணே, உப்புக்காகவா அக்காவை இப்படித் திட்டறீங்க?" என்றார். அவர் போன பிறகு தையல்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "எதுக்கு இப்படிக் கத்தறீங்க? நான் என்ன செவிடா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் உஷ் அண்ணனின் வயிறு குலுங்கியது. அதைப் பார்த்துத் தையல்காரம்மா சிரித்தார். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. அன்றிலிருந்து பேச்சும் திரும்பியது. பீர்க்கங்காய் விலை, மாமியார் கொடுமையைச் சொல்லி அழும் வாடிக்கையாளர், பிள்ளையுண்டாகியிருக்கும் மகளின் மாசக் கணக்கு என்று விட்டுப்போனதையெல்லாம் பேசினார்கள். பக்கத்து வீட்டம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

ஆனால் தொண்டை ஒன்றுதான். ஒரு காலை படகின் கட்டு அவிழ்ந்து, படகு தானாகக் கூடுகள் இருக்கும் மரத்தைப் பார்த்து நகர்ந்தது. படகுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கயிறு! கயித்தைப் பிடி!" என்று ஒரு குரல் கரையை அறைந்தது. அது தன்னுடைய குரல்தான் என்று உஷ் அண்ணனுக்குத் தெரிவதற்குள் கழுத்துகள் திரும்பிவிட்டன. அடுத்த நொடி மரமே பெயர்ந்து மேலே போன மாதிரி அத்தனை நாரைகளும் எழுந்தன. காக்கைகள் அவசரப்படவில்லை. வேண்டிய கூட்டில் இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டன. நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது மரத்தடித் தண்ணீரில் முட்டை ஓடுகள் மிதந்தன.

"விடுங்க அண்ணே, தெரியாம வந்துடுச்சு" என்றார் படகுக்காரர்.

"தொண்டைக்கு என்ன தெரியும், இது வீடா கரையான்னு?" என்றார் உஷ் அண்ணன். பழைய காற்றுக்குரலில்தான் சொன்னார். ஒரு நாரை காலியான கூட்டில் போய் உட்கார்ந்து அடைகாக்கத் தொடங்கியது. அதைப் பார்க்க முடியாமல் வாயில் பக்கம் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தினால் நாளைக்குக் கரையிலும் கத்தல்தான் வரும். கத்தாவிட்டால் மனைவி மறுபடியும் அந்தப் பழைய மூலைக்கே போய்விடுவார். "ஏங்க, என்ன ஆச்சு?" என்று தையல்காரம்மா கேட்டார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? என்கிட்ட பேசப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க." அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் தையல்காரம்மா எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். வழியில் முடிதிருத்தும் கடை. "ஓரம் மட்டும் வெட்டணுமா அண்ணே?" என்று கேட்ட கடைக்காரர், பதிலைக் கேட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். "என்ன, யார்கிட்டயாவது பந்தயம் கட்டித் தோத்துட்டீங்களா?"

அன்றைக்குக் கரையில் உஷ் அண்ணன் பட்ட பாடு சொல்லிமாளாது. படகுக்காரர் டிக்கெட் கேட்டார். மேலதிகாரி "புதுசா சேர்ந்தீங்களா?" என்றார். வெயில் படாத மேலுதடு உரித்த வெங்காயமாக வெளுத்திருந்தது. ஒரு கல்லூரிக் கும்பல் அவர் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. ஒரு கையால் துணிப்பையை நீட்டினார், இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை. பல்வலியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மதியத்துக்குச் சற்று முன்னால் வாயில் கதவருகே ஆட்டோ நின்றது. பக்கத்து வீட்டம்மா முன்னால் இறங்க, பின்னால் தையல்காரம்மா இறங்கினார். காதுக்கருவி வந்துவிட்டதாக டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதை மாட்டிக்கொண்டு தையல்காரம்மா நேராக இங்கேதான் வருகிறார். கதவைத் தாண்டி ஓரடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அலகுத் தட்டலும் குஞ்சுகளின் கத்தலும் சிறகடிப்பும் மொத்தமாக வந்து வலது காதில் விழுந்தன.

"அடேயப்பா! என்னங்க இது, இவ்வளவு சத்தமா?" என்று தையல்காரம்மா கேட்டார். தன் குரலை அளந்து பேச அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. கரை முழுவதும் கேட்டது. வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரிக் கும்பலில் ஒரு பெண் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்றாள். பக்கத்து மரத்தில் ஒரு கழுத்து திரும்பியது. பிறகு இன்னொன்று.

தையல்காரம்மாவுக்கு அந்த உஷ் கேட்கவில்லை. மர நிழலில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. தையல்காரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கேட்பதற்காக மூச்சை இழுத்தார். படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

உஷ் அண்ணன் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தார். மனைவியின் முகத்துக்கு நேர் எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு, வாயிலிருந்து கையை எடுத்தார்.