வெள்ளைக் கோழியின் சிவப்பு முதுகு

பிள்ளைகளா, நம் வீட்டுப் பின்பக்கம் கோழி வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, நீங்கள் இருவரும்தான். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். முட்டை உங்களுக்கு, கூண்டு கழுவுவது எனக்கு என்று ஆனது வேறு கதை.

நம்மிடம் இருந்தவை நான்கு பெட்டைகள். மூன்று ஒன்றாக வந்தவை. வெள்ளை மட்டும் பிறகு தனியாகப் பொந்தியான் சந்தையிலிருந்து வந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. யார் முதலில் தின்பது, யார் உயரக் கட்டையில் உறங்குவது என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. புதிதாக வருவது கடைசியில்தான் நிற்க வேண்டும். நம் கூண்டுக்குத் தலைவி கறுப்புக் கோழி. வெள்ளை தீனித்தட்டுப் பக்கம் கழுத்தை நீட்டினால் போதும், கறுப்பு ஓடி வந்து முதுகில் ஒரு கொத்து வைக்கும். அதைப் பார்த்து மற்ற இரண்டும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொன்று. கொஞ்ச நாளில் வெள்ளையின் வால்பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. பிறகு இரத்தமும் வந்தது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுபவர், வேலி வழியாகப் பார்த்துவிட்டு, பாவம், தன்னிடம் கொடுத்தால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மக்சிக் வீட்டுக்குப் போகும் கோழிகள் பெருநாளுக்குப் பிறகு கண்ணில் படுவதில்லை. அவர் கைப்பக்குவம் அப்படி. உங்கள் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சண்டை அடங்காவிட்டால் வெள்ளையைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவளுக்குத்தானே அந்த இரத்தம் தெரிகிறது.

சின்னவளே, நீ அன்று சோற்றைத் தொடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்:

"அடி வாங்குறதும் அதுதான். வீட்ட விட்டுப் போறதும் அதுதானாப்பா?"

நான் எழுந்து வைத்தியத்தில் இறங்கினேன். நம் வீட்டில் சுளுக்கோ வீக்கமோ, எதற்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவோம். ஆரத்திக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுத்து, மஞ்சள் குழைத்து, வெள்ளையை மடியில் பிடித்து நன்றாகவே பூசினேன். இரண்டும் சேர்ந்தால் இரத்தச் சிவப்பாகும் என்பது யாருக்குத் தெரியாது? கோழி சிவப்பைக் கண்டால் என்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கீழே விட்டேன். மூன்றும் பந்திக்கு வருவதுபோல் வந்தன.

பெரியவன் ஓடிப்போய் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "என்னப்பா, ஆரத்தி எடுத்து அனுப்பிட்டீங்க? சிவப்பா இருக்கப் போய்தான் கொத்துதுங்க லா."

அம்மா சிரித்துக்கொண்டே அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டாள். மருந்துக் கடையில் ஊதா மருந்து வாங்கி வந்து தடவினோம். சிவப்பு மறைந்தது. கொத்து குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அப்போதுதான் சின்னவளின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. கறுப்பைப் பிடித்துப் பழைய பூனைக்கூண்டில் போட்டு, வீட்டு முன்பக்கம் காருக்குப் பக்கத்தில் வைத்தேன். தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் உண்டு. பின்பக்கம் மட்டும் கண்ணில் படாது. அதைப் பார்த்த மக்சிக், இது தனக்கா என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்ல மக்சிக், அது ஜெயில்ல இருக்கு," என்றான் பெரியவன்.

தலைவி இல்லாததால் மற்ற இரண்டுக்கும் கொத்தும் எண்ணமே மறந்துபோனது. வெள்ளை அவற்றோடு ஒரே தட்டில் தின்றது. உயரக் கட்டையிலும் ஏறிப் படுத்தது.

ஞாயிறு காலை கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுப்பு வழக்கம்போல் நேராகத் தட்டுக்கு வந்தது. ஊதா முதுகோடு நின்ற வெள்ளை கழுத்தை உயர்த்தியது. கறுப்பின் தலையில் ஒரே ஒரு கொத்து. கறுப்பு பின்வாங்கியது. இப்போது புதிதாக வந்தது அதுதானே.

நீங்கள் இருவரும் கைதட்டினீர்கள். இன்னொன்று போடு என்று வெள்ளையை ஏற்றிவிட்டீர்கள். அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு பின்பக்கம் போனேன். மூன்றும் தட்டைச் சுற்றி நின்றன. கறுப்பு மட்டும் பப்பாளி மரத்தடியில், ஒரு காலைத் தூக்கியபடி, தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்றைத் தேடி எடுத்து, குருணை அரிசி போட்டு, அதன் முன்னால் வைத்தேன். நான் பார்த்துக்கொண்டு நின்றவரை அது தொடவில்லை. அதனால் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.